அப்பாவோட பத்மினியும் இருக்கு, புது வண்டியும் இருக்கு, மனசு ஏன் பழசுக்கே போகுது?

திருமங்கலத்தான்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல கெடக்குற கேள்வி, பழைய வண்டி வச்சிருக்கவங்க இங்க நெறைய பேர் இருக்கீங்கன்னு தான் கேக்குறேன்.

எங்க அப்பா 84ல வாங்குன பிரீமியர் பத்மினி கார், க்ரீம் கலர், உசிலம்பட்டி பக்கம் எங்க ஊர்ல மாட்டுக்கொட்டத்துல தார்ப்பாய் போத்தி நிக்குது. புக் பண்ணி வருசக்கணக்கா காத்துக்கெடந்து வந்த வண்டி, அதனால அப்பா அதை வீட்ல ஒரு ஆளா தான் வச்சிருந்தாரு. அவரு தவறி ரெண்டு வருசம் ஆச்சு. நான் 2022ல ஒரு சின்ன எஸ்யூவி எடுத்தேன், டச் ஸ்க்ரீன், ரிவர்ஸ் கேமரா, ஏசி எல்லாம் அருமை, கப்பலூர் தாண்டி விருதுநகர் ரோட்டுல ஏறுனா நூறுல போறதே தெரியாது. அந்த "போறதே தெரியாது" தான் இப்ப என்னமோ பண்ணுது.

பொங்கலுக்கு ஊருக்கு போனப்ப தார்ப்பாயை எடுத்துட்டு வேற பேட்டரி மாட்டி சோக்கை இழுத்து சாவியை திருப்புனேன், ரெண்டு தடவை இருமுச்சு, மூணாவது தடவை புடிச்சிருச்சு. அந்த சத்தம் கேட்டதும் அடுப்படில இருந்து அம்மா வெளிய வந்து நின்னுட்டாங்க, ஒண்ணும் பேசல. நான் ஸ்டேரிங்ல உக்காந்து அந்த ஹேண்ட் கியரை ஒண்ணுக்கு இழுத்து கிளட்ச்சை விட்டேன், கை வழியா வண்டி பூராம் வர்ற மாதிரி இருந்துச்சு, எஞ்சின் என்ன நெனைக்குதுன்னு காலுக்கு தெரியுது. நாலு வருசமா ஓட்டுற புது வண்டில ஒரு நாள் கூட எனக்கு அப்படி இருந்ததில்ல.

இந்த வருசத்தோட ஆர்சி முடியுது. 20 வருசம் தாண்டுன காருக்கு ரினிவல் பீஸை மத்திய அரசு 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கிட்டாங்க, அதுக்கு முந்தி எப்.சி.க்கு வேற தயார் பண்ணனும். ஒருத்தர் வந்து கேட்டுட்டும் போயிருக்காரு, கல்யாண ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுவாராம். குடுக்கவா வைக்கவா? அதை விட எனக்கு தெரிய வேண்டியது, இது அப்பா நெனைப்பு மட்டும் தானா இல்ல வண்டிலயே ஏதோ இருக்கா?

தெற்குவாசல் பட்டறை

தம்பி, வண்டிலயே இருக்கு. 87ல சின்னப் பையனா பட்டறைக்கு வந்தவன் நான், ஸ்பேனர் கழுவுறதுல ஆரம்பிச்சேன், அதனால சொல்றேன்.

உங்க பத்மினி எஞ்சின் 1089 சிசி, நாலு சிலிண்டர், இத்தாலிக்காரன் ஃபியட் 1100 தான் பாம்பேல பத்மினின்னு தயாரானது. பானெட்டை தொறந்தா எல்லாமே கண்ணுக்கு தெரியும், கை உள்ள போகும். பிளக்குக்கு கரண்டை பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை கழட்டுனா உள்ள பாயிண்ட், டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு ஒரு சுத்து சுத்துறப்ப அது நாலு தடவை தொறந்து மூடும், தொறக்குற ஒவ்வொரு தடவையும் ஒரு பிளக்ல பொறி. அம்புட்டு தான் விசயம். அந்த பாயிண்ட் கருகிருந்தா உப்புத்தாள்ல ஒரு தேய் தேச்சு, கேஜ் இல்லாட்டி தீப்பெட்டி அட்டையை நடுவுல விட்டு இடைவெளி வச்சு வீடு போய் சேந்தவங்க ஆயிரம் பேரு. எங்க மேஸ்திரி நீளமான ஸ்க்ரூடிரைவர் நுனியை எஞ்சின்ல வச்சு கைப்புடியை காதுல வச்சு கேப்பாரு, எந்த வால்வு பேசுதுன்னு சொல்லிருவாரு. சித்திரை வெயில்ல வண்டி நடு ரோட்டுல நின்னுட்டா பெட்ரோல் பம்ப் மேல ஈரத்துணி போடுவோம், சூட்டுல பெட்ரோல் ஆவியாகி குழாய்ல அடைச்சிருக்கும், கொஞ்சம் ஆறுனா கெளம்பிரும். ஆக வண்டிக்கு என்ன வலின்னு ஓட்டுறவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்க காலுக்கு தெரிஞ்சதுன்னு எழுதிருக்கீங்களே, அது உண்மை, நடுவுல வேற யாரும் இல்ல.

இப்ப வர்ற வண்டில ஆக்சிலேட்டரை மிதிச்சா அது ஒரு சென்சாருக்கு போகுது, அங்கருந்து ஈசியூங்கிற கம்ப்யூட்டருக்கு, எவ்வளவு தொறக்கணும்னு அது முடிவு பண்ணுது. ஸ்டேரிங்ல மோட்டார். ஏதாவது ஆச்சுன்னா ஸ்கேனரை சொருகி அது சொல்ற நம்பரை பாக்கணும். தப்புன்னு சொல்லல, நானும் ஸ்கேனர் வச்சிருக்கேன், பையன் தான் பாக்குறான். புது வண்டி கெடுறதே கம்மி, அதை ஒத்துக்கணும், பத்மினிக்கு பாயிண்ட், கிரீஸ், ஆயில்னு மாசத்துக்கு ஒரு கை வேலை இருந்துக்கிட்டே இருக்கும். ஆனா கெட்டா பிரிச்சு சரி பண்ற பொருளா இல்லாம அப்படியே கழட்டி புதுசு மாட்டுற பொருளா ஆயிருச்சு. ஒரு ஹெட்லைட் உடைஞ்சா அந்த காலத்துல ஏழு இஞ்ச் வட்ட லைட், எந்த ஸ்பேர் கடைலயும் கெடைக்கும், இப்ப எல்இடி யூனிட்டா மாத்த சொல்லி ஆயிரக்கணக்குல கேக்குறாங்க. அதுல தான் எங்க தொழிலுக்கு மனசு வலிக்குது.

மேலூர் ஸ்டாஃப் நர்ஸ்

அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனா ஒரு விசயம் சொல்லாம இருக்க முடியல. நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரில எமர்ஜென்சில நைட் டூட்டி பாக்குறவ, நாலுவழிச்சாலை ஆக்சிடென்ட் பூராம் எங்ககிட்ட தான் வருது.

"பழைய வண்டி கெட்டி தகரம், யானை மாதிரி, இடிச்சா எதிர்ல வர்றவன் தான் அப்பளம்" அப்படின்னு எங்க வீட்லயும் சொல்வாங்க. அமெரிக்கால ஐஐஎச்எஸ்னு ஒரு இன்சூரன்ஸ் ஆராய்ச்சி நிறுவனம் 2009ல ஒரு டெஸ்ட் பண்ணாங்க, 1959 செவர்லே பெல் ஏரையும் 2009 செவர்லே மாலிபுவையும் நேருக்கு நேர் மோத விட்டாங்க, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகம். வீடியோ இருக்கு, பாருங்க. அந்த பெரிய பழைய வண்டில டிரைவர் உக்காருற இடமே நசுங்கிருச்சு, நெசமான ஆளா இருந்தா பொழைச்சிருக்க மாட்டாருன்னாங்க. புது வண்டில இருந்த பொம்மைக்கு கால்ல அடி, அவ்வளவு தான். தகரம் கெட்டியா இருக்குறது முக்கியம் இல்லங்க, மோதுற வேகத்தை எது வாங்கிக்கிறதுங்கிறது தான் முக்கியம். புது வண்டில முன்பக்கம் தானா மடங்கி அதை வாங்கிக்கும், ஆள் இருக்குற கூண்டு மட்டும் மடங்காது. பழசுல அந்த ஏற்பாடே கெடையாது, வேகம் பூராம் நெஞ்செலும்புக்கு வருது. ஸ்டேரிங் ராடு ஒரே கம்பியா நேரா நெஞ்சுக்கு நேரா நிக்கும், பெல்ட் கெடையாது, தலைக்கு பின்னாடி தாங்கல் கெடையாது, நாலு வீலுக்கும் டிரம் பிரேக்கு.

திருமங்கலத்து அண்ணே, பத்மினியை வச்சுக்கங்க, அப்பா வண்டிய யாராவது குடுப்பாங்களா. ஆனா புள்ளைகளை ஏத்திக்கிட்டு நாலுவழிச்சாலைக்கு மட்டும் கொண்டு போகாதீங்க, காலைல கிராமத்து ரோட்டுல ஓட்டுங்க போதும். உங்க புது வண்டி உங்களுக்கு ஒண்ணும் தெரியாம அமைதியா ஓடுதுன்னு சங்கடப்படாதீங்க, அது உங்களுக்காக பாத்துக்கிட்டே தான் ஓடுது.

அழகர்கோவில் ரோடு

எனக்கு 26 வயசு, எங்க செட்டுக்கு பழைய வண்டின்னா மாருதி 800 தான் அண்ணே. 83 டிசம்பர்ல வந்த வண்டி, 796 சிசி, மூணே சிலிண்டர், அது வந்து தான் பத்மினியையும் அம்பாசிடரையும் ஓரங்கட்டுச்சு, கடைசில பாத்தா 800ம் அம்பாசிடரும் ஒரே வருசம் 2014ல நின்னு போச்சு. வீட்ல இருக்க 2004 மாடல்ல தான் பழகுனேன், இப்பவும் கண்ண மூடிக்கிட்டு ஃபேனை ரெண்டுல வைப்பேன், கைக்கு அந்த திருகு எங்க இருக்குன்னு தெரியும். ஆபீஸ் வண்டில ஏசியை குறைக்க ஸ்க்ரீன்ல மூணு தடவை தொடணும், கோரிப்பாளையம் சிக்னல்ல கூட அதை பாத்துட்டு நிமிர்ந்தா முன்னாடி ஆட்டோ நிக்குது. நர்ஸ் அக்கா பாதுகாப்பு சொன்னாங்க, அதுலயும் இது வருது, ஐரோப்பால கிராஷ் டெஸ்ட் பண்ற யூரோ என்கேப் காரங்களே 2026ல இருந்து இண்டிகேட்டர், ஹசார்டு, வைப்பர், ஹாரன் இதுக்கெல்லாம் தனி ஸ்விட்ச் இல்லன்னா மார்க்கை குறைப்போம்னு சொல்லிருக்காங்க. பழைய வண்டில சரியா இருந்த ஒண்ணு அது.

வைகைக்கரை டிரைவர்

இருவது வருசத்துக்கு மேல டூரிஸ்ட் அம்பாசிடர் ஓட்டுனவன். முத்தி போன வயசு, போன்ல பேசி டைப் ஆகுறது, பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

அம்பாசிடர்ல உக்காந்தா பானெட்டோட ரெண்டு மூலையும் கண்ணுல தெரியும். மாசி வீதில திருவிழா கூட்டத்துக்குள்ள பைய உருட்டிட்டு போகும்போது ஒரு சாண் இடத்துல வளைப்பேன், கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் இருக்குற கம்பம் மெலிசு. எம் மவன் வண்டில அந்த கம்பம் தொடை மொத்தம் இருக்கு, வளைவுல ஒரு சைக்கிளே அதுக்கு பின்னால ஒளிஞ்சுக்குது. கேட்டா வண்டி உருண்டாலும் கூரை உள்ள எறங்க கூடாதுன்னு தான் அப்படி வைக்கிறாங்களாம், நர்ஸ் பொண்ணு சொன்னதை வச்சு பாத்தா அதுவும் நியாயம் தான்.

கொடைக்கானல் சவாரி தான் எனக்கு உசுரு. வத்தலக்குண்டு தாண்டி காமக்காபட்டில ஏத்தம் ஆரம்பிக்கும், உள்ள எட்டு பேரு, டிக்கி நெறைய சட்டி பானை, மேல கேரியர்ல படுக்கை. ரெண்டாவது கியர்லயே முனகிக்கிட்டு ஏறும், டம்டம் பாறைகிட்ட ரேடியேட்டர் கொதிச்சிரும். உடனே மூடியை தொறந்தா மூஞ்சி வெந்துரும், பானெட்டை தூக்கி வச்சுட்டு அரை மணி நேரம் ஒக்காரணும். அந்த அரை மணி நேரத்துல தான் சனம் பூராம் எறங்கி கட்டுச்சோத்தை பிரிப்பாங்க, புளியோதரையை எனக்கும் ஒரு இலைல வைப்பாங்க, புள்ளைக கீழ தெரியுற ஊரை காட்டி கத்தும். எத்தனையோ குடும்பம் எனக்கு அந்த பாறைகிட்ட தான் பழக்கமாச்சு, சிலரு அவுங்க புள்ளை கல்யாணத்துக்கு எனக்கு பத்திரிகை வச்சாங்க. எறங்கும்போது பிரேக்கை நம்ப மாட்டேன், எந்த கியர்ல ஏறுனேனோ அதே கியர்ல தான் எறக்குவேன், சூடேறி பிரேக் விட்டுரும்ங்குற பயம். இப்ப மவன் ஒரே மூச்சுல மேல போயிர்றான், எங்கயும் நிக்கிறதில்ல. அவன் வேகத்தை நான் கொறை சொல்லல தம்பி, எனக்கு அந்த பாறை தான் தேடுது.

திருமங்கலத்தான்

எல்லாரும் எழுதுனதை ராத்திரி அம்மாவுக்கு வாசிச்சு காமிச்சேன். டிரைவர் அய்யா எழுதுன புளியோதரை வந்ததும் நிறுத்த சொல்லிட்டாங்க, அப்பறமா சொன்னாங்க, பத்மினி வந்த அன்னைக்கு அப்பா மொத மொதல்ல அவங்களை வண்டியூர் தெப்பக்குளத்துக்கு தான் கூட்டிட்டு போனாராம், போற வழியெல்லாம் அந்த சின்ன முக்கோண கண்ணாடியை திருப்பி காத்தை அம்மா பக்கமா விட்டுக்கிட்டே வந்தாராம். நாப்பது வருசத்துல இதை எங்கிட்ட சொன்னதே இல்ல.

கேட்டு வந்தவர்கிட்ட குடுக்கலன்னு சொல்லிட்டேன். ஆர்சியை புதுப்பிச்சுட்டு அம்மாவை ஒரு தடவை தெப்பக்குளத்துக்கு கூட்டிட்டு போகணும், ஞாயித்துக்கெழமை விடிகாலைல, நாலுவழிச்சாலை பக்கம் போகாம உள் ரோட்டு வழியாவே. நர்ஸ் அக்கா சொன்னதுக்காக முன்சீட்டுக்கு பெல்ட்டும் போடணும். பட்டறை அண்ணே, நீங்க பாத்து தர முடியுமா? எப்ப ஓட்டிட்டு வரட்டும்?

தெற்குவாசல் பட்டறை

ஓட்டிட்டு வராதீங்க தம்பி. பொங்கலுக்கு ஸ்டார்ட் பண்ணுனது போகட்டும், இனிமே சாவியை தொடாதீங்க. ரெண்டு வருசம் நின்ன வண்டில பிரேக் ஆயில் தண்ணி கோத்திருக்கும், வீல் சிலிண்டர் ரப்பர் பூராம் வெறைச்சிருக்கும், மிதிச்சா நிக்காது. டேங்க்ல கெடக்குற பழைய பெட்ரோலையும் எறக்கணும், இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்தை இழுத்து அடில துருவாக்கும், அந்த காலத்து ரப்பர் ஓசையும் பெட்ரோல் பம்புக்குள்ள இருக்குற டயாப்ரம்ங்கிற ரப்பர் சவ்வையும் தின்னுரும். ஓஸை எத்தனால் தாங்குறதா மாத்திருவோம், டயாப்ரம் நான் தேடி வைக்கிறேன். பெல்ட்டுக்கு சும்மா தகரத்துல ஓட்டை போட்டா இழுக்குறப்ப பிச்சுக்கிட்டு வந்துரும், உள்பக்கம் கெட்டி பிளேட் வச்சு தான் போல்ட் போடணும், அதுக்கு ஒரு நாள் கூட ஆகும்.

உசிலம்பட்டில இருந்து சின்ன லாரில ஏத்தி அனுப்புங்க, அடுத்த வாரம் இடம் காலியா இருக்கு. ஏத்துறதுக்கு முந்தி நாலு டயர்லயும் காத்து மட்டும் அடிச்சு வைங்க. வண்டி சாமான் எது கழண்டு கெடந்தாலும் தூக்கி போட்றாதீங்க, அந்த முக்கோண கண்ணாடியோட கைப்புடி உட்பட ஒரு டப்பால போட்டு கூடவே அனுப்பி விடுங்க.