அரையாண்டு லீவுக்கு டாப்சிலிப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கலாமா? குழந்தைகளும் அம்மாவும் வருகிறார்கள்

காவிரிக்கரை (ஈரோடு) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் லீவில் குடும்பத்தோடு மலைக்குப் போய்க் கூடாரத்தில் தங்க வேண்டும் என்று பிள்ளைகள் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மகள் ஏழாவது, மகன் இரண்டாவது படிக்கிறார்கள். என் அம்மாவும் வருகிறார். 66 வயது, முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் நன்றாக நடப்பார், ஏற்றம் மட்டும் முடியாது.

வீட்டுக்காரர் நான்கு பேர் படுக்கிற கூடாரம் ஒன்றை ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டார். காரில் போட்டுக்கொண்டு போய் டாப்சிலிப் பக்கம் எங்காவது அடித்துத் தங்கலாம் என்பது அவர் எண்ணம். அவருடைய நண்பர் ஒருவர், மலையில் ஒரு எஸ்டேட்டுக்குள் கூடாரம் வாடகைக்குக் கிடைக்கிறது, ராத்திரி கேம்ப் ஃபயர் உண்டு, யானை பக்கத்திலேயே வரும் என்கிறார். அந்தக் கடைசி வரியைக் கேட்டதிலிருந்து அம்மா வரமாட்டேன் என்கிறார், எனக்கும் தூக்கம் வரவில்லை.

பிள்ளைகள் விலங்குகளைப் பார்க்க வேண்டும், கொஞ்சம் காட்டுக்குள் நடக்க வேண்டும், ராத்திரி காட்டுச் சத்தம் கேட்டுத் தூங்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

சூலூர் சைக்கிள் சொன்னது:

எஸ்டேட் கூடாரத்துக்கே போங்க அக்கா. நாங்கள் நண்பர்களாகப் போனோம், அருமையாக இருந்தது. காலையில் பனிமூட்டம், ராத்திரி தீ மூட்டிப் பாட்டு. சாப்பாடும் அவர்களே தருகிறார்கள். யானை எல்லாம் தினமும் வராது, சும்மா ஆள் பிடிக்கச் சொல்வார்கள். பயப்பட ஒன்றும் இல்லை.

ஆனைமலை வாத்தியார் சொன்னது:

அம்மா, எனக்கு ஊர் ஆனைமலை. பள்ளியில் வேலை பார்த்த காலம் முழுவதும் பசுமைப்படை மாணவர்களை டாப்சிலிப்புக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தவன். ஓய்வுக்குப் பிறகும் பேரப்பிள்ளைகளோடு போகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கூடார விஷயம். டாப்சிலிப் ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. நாமாகக் கூடாரம் அடிக்க முடியாது. சேத்துமடை சோதனைச் சாவடியைத் தாண்டிவிட்டால் வழியில் வண்டியை நிறுத்தி இறங்குவதற்கே அனுமதி இல்லை. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். வாங்கிய கூடாரத்தை மொட்டைமாடியில் விரியுங்கள், பிள்ளைகள் அதிலும் சந்தோஷமாகத் தூங்குவார்கள்.

அடுத்தது எஸ்டேட். தம்பி சூலூர் நல்லபடியாகப் போய் வந்தது மகிழ்ச்சி. ஆனால் பெரியவர்கள் நான்கு பேர் போவதும் ஏழு வயதுப் பையனோடு போவதும் ஒன்றல்ல. 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடிப் பக்கம், மலைச்சரிவில் ஒரு விடுதியின் கூடாரத்தில் தங்கிய இளம்பெண் யானை தாக்கி இறந்துபோனார். அதன் பிறகு மாவட்ட நிர்வாகம் அந்த விடுதியை மூடியது. கூடாரத் துணி மழையைத் தடுக்கும், யானையைத் தடுக்காது. யானை வருவது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. எஸ்டேட்டுகள் பல இடங்களில் யானை காலங்காலமாக நடக்கும் வழித்தடத்தில்தான் இருக்கின்றன. "யானை பக்கத்தில் வரும்" என்று சொல்லி வாடகைக்கு விடுகிறவர் நமக்கும் நல்லது செய்யவில்லை, யானைக்கும் நல்லது செய்யவில்லை. அந்த இடத்தை விட்டுவிடுங்கள். உங்கள் அம்மா சொல்வது சரி.

இனி, செய்யக்கூடியதைச் சொல்கிறேன். டாப்சிலிப்பில் வனத்துறை ஓய்வு விடுதிகள் உள்ளன. முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள், டிசம்பரில் இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். பொள்ளாச்சியிலிருந்து வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை வழியாக சுமார் 35 கிலோமீட்டர். கடைசிப் பகுதி வளைவு வளைவான காட்டுச்சாலை, மெதுவாகத்தான் ஏற வேண்டும். சாவடியில் பிளாஸ்டிக்கும் மதுவும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

டாப்சிலிப் விடுதிக்கு முன்னாலேயே பெரிய புல்வெளி ஒன்று இருக்கிறது. உங்கள் அம்மா ஒரு அடி ஏறாமல் வராந்தாவில் உட்கார்ந்தபடியே புள்ளிமான் கூட்டத்தைப் பார்க்கலாம். காட்டுப்பன்றி சர்வசாதாரணமாகக் குட்டிகளோடு நடந்து போகும். சாயங்காலம் காட்டுமாடு வந்து நிற்கும். பார்க்கச் சாதுவாகத் தெரியும். ஆனால் தனியாகத் திரிகிற ஆண் காட்டுமாட்டின் பக்கத்தில் போகவே கூடாது, செல்ஃபிக்குப் போய் அடிபட்டவர்கள் உண்டு. இருட்டிய பிறகு வெளியே உலாத்த வேண்டாம். ஜன்னல் பக்கம் படுத்தால் கடமான் கத்துவது கேட்கும். நீங்கள் கேட்ட காட்டுச் சத்தம் அங்கேயே கிடைத்துவிடும்.

பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டியது கோழிகமுத்தி யானை முகாம். வனத்துறை வண்டியில்தான் போக முடியும். சாப்பாட்டு நேரத்தில் போனால், மாவுத்தர்கள் ராகி, கொள்ளு, அரிசி எல்லாம் வேகவைத்துப் பெரிய உருண்டையாகப் பிடித்து யானையின் வாய்க்குள் வைப்பதைப் பார்க்கலாம். உருண்டை வருவதற்கு முன்பே தும்பிக்கையை மேலே தூக்கி வாயைத் திறந்து நிற்கும். மாவுத்தர்கள் பெரும்பாலும் மலசர் மக்கள், யானையோடு வளர்ந்தவர்கள். கலீம் என்கிற கும்கி இந்த முகாமைச் சேர்ந்ததுதான். 99 முறை காட்டு யானைகளைப் பிடிக்கும் பணிக்கும் விரட்டும் பணிக்கும் போய்வந்து, 2023 மார்ச்சில் 60 வயதில் ஓய்வு பெற்றது. வனத்துறையினர் வரிசையாக நின்று மரியாதை செலுத்தினார்கள். இந்தக் கதையைக் காரில் போகும்போதே பையனுக்குச் சொல்லிவிடுங்கள்.

நடைக்கு வருகிறேன். 2018 மார்ச் 11 அன்று போடி குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசு 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து இணையப் பதிவோடு மலையேற்றத் திட்டம் தொடங்கியது. டாப்சிலிப் - பண்டாரவரை அதில் ஒன்று. ஆனால் பண்டாரவரை ஏற்றம். 10 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை எளிய பாதைகளில் மட்டும், பெற்றோருடன்தான் விடுகிறார்கள். மகளும் அப்பாவும் வேண்டுமானால் போகட்டும். மற்றவர்களுக்கு விடுதி பக்கத்தில் வழிகாட்டியோடு போகிற குறுகிய நடை போதும். எத்தனை கிலோமீட்டர் என்பது பெரிய விஷயமே இல்லை, யாரோடு நடக்கிறீர்கள் என்பதுதான் விஷயம்.

ஒருமுறை எங்களோடு வந்த வழிகாட்டி பாதையில் கிடந்த யானைச் சாணத்தின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். அவர் விரலால் மேல்பகுதியைப் பிட்டுக் காட்டினார்: மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம், மூங்கில் நார் முழுசு முழுசாக. தொட்டுப் பார்த்து, "விடியறதுக்கு முன்னாடி போயிருக்குது, இப்ப அந்தப் பள்ளத்துல நிக்கும்" என்றார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கொஞ்சம் மண்ணைத் தூவிப் பார்த்தார். வேறு பக்கமாக அழைத்துப் போனார். யானையை நாங்கள் பார்க்கவில்லை. ஆனால் திரும்பி வந்து பிள்ளைகள் வீட்டில் சொன்னது எல்லாம் அந்தச் சாணத்தைப் பற்றித்தான் என்று பெற்றோர்கள் சொன்னார்கள். போகிற வழியில் தேக்குக் கொழுந்து ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார், கை செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது.

புலி பார்க்கலாம் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். புலி இருக்கிறது, நமக்குக் காட்சி தருவது அபூர்வம். அதற்குப் பதிலாக மலை அணிலைத் தேடச் சொல்லுங்கள். பின்னங்கால்களால் கிளையைப் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியபடி இரண்டு கையாலும் பழத்தைப் பிடித்துத் தின்னும், கீழே தோல் விழும் இடத்தில் நின்று மேலே பார்த்தால் போதும். இருவாட்சி பறந்தால் பார்ப்பதற்கு முன்பே காதில் விழும், முறத்தில் புடைக்கிற மாதிரி உஸ் உஸ் என்று இறக்கைச் சத்தம். கருமந்தியின் "ஹூப், ஹூப்" குரல் காலையில் கேட்கும்.

பேச்சைக் குறைத்து, சென்ட் போடாமல், மங்கலான நிறத்தில் உடை உடுத்திப் போனால் பாதி வேலை முடிந்தது.

பாலக்காட்டுப் பாதை சொன்னது:

சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கூடாரத்தில் தங்குவதுதான் ஆசை என்றால் டாப்சிலிப்பைத் தாண்டி பறம்பிக்குளம் போங்கள். கேரள மாநிலத்தில் இருந்தாலும் காருக்கு வழி சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான். ஆனைப்பாடியில் கேரள வனத்துறையே கூடார விடுதி நடத்துகிறது. தரை, கட்டில், கழிவறை எல்லாம் உண்டு, வயதான அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. சாப்பாடு, வண்டியில் காட்டுச் சவாரி, வழிகாட்டியோடு நடை எல்லாம் சேர்த்தே பதிவு. வழிகாட்டிகள் அங்கேயே வாழும் காடர், மலசர், முதுவர் மக்கள். நாம் கட்டும் பணம் அவர்கள் வருமானத்துக்குப் போகிறது என்பதில் எனக்குத் தனி நிம்மதி.

கன்னிமரா தேக்கைப் பார்க்காமல் வராதீர்கள். சுற்றளவு ஆறரை மீட்டருக்கு மேல். 1994-95 ஆம் ஆண்டின் மகாவிருட்ச புரஸ்காரம் என்ற விருது பெற்ற மரம். உங்கள் குடும்பம் ஐந்து பேரும் கைகோத்தாலும் பையனுக்காகக் கொஞ்சம் எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். பறம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய மூன்று அணைகளும் அங்கேதான். கேரள மண்ணில் இருந்தாலும் இயக்குவது தமிழ்நாட்டு நீர்வளத்துறை. நம் பொள்ளாச்சித் தோப்புகளுக்குத் தண்ணீர் இங்கிருந்துதான் மலையைக் குடைந்து வருகிறது என்று மகளுக்குக் காட்டுங்கள், பாடப் புத்தகத்தில் படித்திருப்பாள்.

காவிரிக்கரை:

ரொம்ப நன்றி ஐயா, நன்றி பாலக்காட்டுப் பாதை. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், பையை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்காரர் கூடாரத்தை மாடியில் விரித்துவிட்டார். ஆனைப்பாடிக்குப் பதிவு செய்யப் பார்க்கிறோம். டிசம்பரில் அட்டைக்கடி இருக்குமா? பையனுக்கு ரத்தம் என்றாலே அழுகை.

ஆனைமலை வாத்தியார்:

சந்தோஷம் அம்மா. அட்டை ஜூன், ஜூலை மழையில்தான் கொடுமையாக இருக்கும். டிசம்பரில் குறைவு. முன்தினம் மழை பெய்திருந்தால் ஈரமான சோலைக்குள் இருக்கலாம். பேன்ட்டை நீளமான சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளட்டும். காலில் தேங்காய் எண்ணெயில் மூக்குப்பொடி குழைத்துப் பூசுவது எங்கள் ஊர் வழக்கம். ஏறிவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள், நகத்தை அடியில் விட்டு நெம்பினால் விட்டுவிடும். ரத்தம் உறையவிடாத பொருளை அது செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும், பார்க்கப் பெரிதாகத் தெரியும். கழுவித் துணியால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். வலி கிடையாது என்று பையனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

இரவில் குளிரும், அம்மாவுக்குக் கம்பளி வேண்டும். மருந்து மாத்திரை எல்லாம் பொள்ளாச்சியிலேயே வாங்கிவிடுங்கள், மேலே மருந்துக்கடை கிடையாது. கைபேசி சிக்னலை நம்ப வேண்டாம், வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே சாவடியைத் தாண்டுகிற மாதிரி ஈரோட்டிலிருந்து கிளம்புங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில், தின்பண்டத்துக்கு டப்பா. சோதனையில் பிளாஸ்டிக் கவரைப் பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்தால் அங்கேயே அரை மணி நேரம் போய்விடும்.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீப்பருவம், மலையேற்றப் பாதைகளை மூடிவிடுவார்கள். அதனால் டிசம்பரில் இடம் கிடைக்காவிட்டால் பொங்கலுக்குப் பாருங்கள், கோடை லீவு வரை தள்ள வேண்டாம்.