கர்ப்பிணிக்கு எம்.ஆர்.ஐ.: மதுரையில் இரவில் எங்கே எடுக்கிறார்கள்?

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். ஆறு மாதக் கர்ப்பிணியான என் தங்கை, வலப்பக்க வயிற்றுவலி காரணமாகத் திருமங்கலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறாள். குடல்வால் அழற்சியாக இருக்கலாம் என்று ஐயுற்று முதலில் அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். ஆனால் வளரும் கருப்பை குடல்வாலை மேல்நோக்கித் தள்ளிவிடக்கூடும் என்பதால் அது தெளிவாகத் தென்படவில்லை என்கிறார் மருத்துவர். கதிர்வீச்சு இல்லாத எம்.ஆர்.ஐ.யை, கடோலினியம் (படத்தைத் தெளிவாக்கப் போடும் மருந்து) ஊசி போடாமல், இன்றிரவே எடுக்கச் சொல்கிறார். அந்த வசதி இங்கே இல்லை.

ஸ்கேன் என்றாலே பிள்ளைக்கு ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குகிறார்கள். எம்.ஆர்.ஐ. கிடைக்காவிட்டால் சி.டி.யும் எடுக்கலாம் என்றும், ஒருமுறை எடுப்பதில் கருவைச் சேரும் கதிர்வீச்சு பொதுவாக 50 மில்லிகிரேக்கும் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) குறைவே என்றும், குடல்வால் வெடித்தால்தான் குழந்தைக்குப் பேராபத்து என்றும் மருத்துவர் விளக்கிய பிறகே ஓரளவு சம்மதித்தார்கள். (பயம் அவர்களுக்கு மட்டுமல்ல.)

மதுரையில் இரவு நேரத்திலும் கர்ப்பிணிகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, கதிரியக்க மருத்துவரின் அறிக்கையை உடனே தரும் மையம் எது? அரசு இராசாசி மருத்துவமனைக்கு நேரே சென்றால், மகப்பேறு, அறுவைசிகிச்சைப் பிரிவுகளில் முதலில் எதை அணுக வேண்டும்? அண்மையில் சென்றுவந்தவர்கள் தயவுசெய்து விரைந்து தெரிவியுங்கள்.