புதுப்பிப்பு: பாம்பன் வலையில் வந்த மஞ்சள் கொப்புளக்காரன் யாரென்று தெரிந்துவிட்டது

போன வாரம் ஒரு படம் போட்டிருந்தேன். பாம்பனில் இருக்கும் மச்சானின் வலையில் சிக்கிய, நீலச் சாம்பல் முகடுகளும் மஞ்சள் கொப்புளங்களுமாக விரல் நீளத்தில் ஒன்று. தருமபுரிக்காரனுக்கு ஒகேனக்கல் மீனைத் தாண்டி என்ன தெரியும்? அதனால்தான் இது என்னவென்று உங்களிடம் கேட்டேன்.

பாதிப் பேர் கடல் அட்டை என்றீர்கள். இல்லை. தலைப்பக்கம் இரண்டு மஞ்சள் உணர்கொம்புகள் இருக்கின்றன, அட்டைக்கு அது கிடையாது. இது ஓடில்லாத கடல் நத்தை, ஃபில்லிடியா என்ற பேரினம். அதில் வாரிகோசா இனமா, செலஸ்டிஸ் இனமா என்பதில்தான் இழுபறி. "முதுகை விடுங்க, அடிப்பாதத்தைப் பாருங்க" என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் கை கொடுத்தது. மச்சான் அனுப்பிய வீடியோவில் அது கண்ணாடி பாட்டிலின் உள்சுவரில் ஏறுகிறது. நிறுத்திப் பார்த்தால் பாதத்தின் நடுவே நீளவாக்கில் ஒரு கருங்கோடு. செலஸ்டிஸுக்கு அந்தக் கோடு இல்லை. ஆக, வாரிகோசா.

1801இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க் வைத்த பெயர். புடைத்த நரம்பு என்று பொருள். வெரிகோஸ் வெயின் என்கிறோமே, அதே சொல். பாலக்கோடு தக்காளி மண்டியில் நாள் முழுக்க நிற்கும் அத்தையிடம் சொன்னேன், காலைப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம், இதைப் போட்டிருந்த வாளியில் கூடவே கிடந்த பொடிமீன்கள் செத்ததற்கு வெயில்தான் காரணம் என்று எழுதியிருந்தேன். இதன் சளியில் விஷம் உண்டாம், தின்னும் கடற்பஞ்சிலிருந்து சேர்த்துக்கொள்வது. வெயிலைவிட அதன்மேல்தான் இப்போது சந்தேகம்.