மறு: ‘ஆலோசனைப் பயிற்சியாளர்’ போதுமா? ‘ஆற்றுநர் கல்வியாளர்’ – ஒரு முன்மொழிவு

> பள்ளிப் பிள்ளைகளிடம் பேசுகிறவர் பள்ளி ஆலோசகர். அவருக்குப் பாடம் எடுக்கிறவர் ஆலோசனைப் பயிற்சியாளர். இதற்குப் புதுச்சொல் எதற்கு?

ஐயா, வணக்கம்.

பள்ளி ஆலோசகர்களை உருவாக்குகிறவரை ஆங்கிலத்தில் ‘கவுன்சிலர் எஜுகேட்டர்’ என்பார்கள்; அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறேன். நான் அமெரிக்காவில் இந்தத் துறையில்தான் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். என்ன படிக்கிறாய் என்று ஊரில் கேட்டால் ஒரே சொல்லில் சொல்ல முடிவதில்லை. கவுன்சிலிங் என்றால் பொறியியல் கல்லூரியில் இடம் எடுப்பது. கவுன்சிலர் என்றால் வார்டு உறுப்பினர். கல்வி ஆலோசகர் என்றால் வெளிநாட்டுக் கல்லூரியில் சேர்த்துவிடுகிறவர்.

‘ஆலோசகர்’ மீது எனக்குள்ள பெரிய குறை வேறு. ஆலோசனை சொல்லாமல் இருக்கத்தான் இங்கே முதலில் கற்றுத்தருகிறோம். ஒரு பயிற்சி மாணவி பள்ளிப் பையன் ஒருவனோடு பேசிய அமர்வின் காணொளிப் பதிவை அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். “வீட்டுக்குப் போகவே பிடிக்கல” என்கிறான் பையன். மூச்சு விடுவதற்குள் அவள், “நூலகத்துல இருந்து படிக்கலாமே” என்கிறாள். பையன் தலையாட்டிவிட்டுப் பையின் ஜிப்பை இழுத்து மூடுகிறான். அங்கே நிறுத்தி, “இந்தக் கையைப் பார்” என்றேன். மூன்று முறை திரும்ப ஓட்டிப் பார்த்தாள். அப்புறம் அவளே, “நான் கதவைச் சாத்திட்டேன்” என்றாள். அவள் சொன்னது நல்ல ஆலோசனைதான். ஆனால் அந்த நேரத்தில் அது அவனுக்குத் தேவைப்படவில்லை.

அதனால்தான் கவுன்சிலிங்குக்கு ‘ஆற்றுப்படுத்தல்’ என்ற சொல் எனக்குப் பிடிக்கிறது. ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்வதுதான் ஆற்றுப்படை. நடந்து போக வேண்டியவன் எதிரே வந்தவனே. தணித்தல் என்ற பொருளும் ‘ஆற்று’வுக்குள் இருக்கிறது. இலங்கையில் ஆற்றுப்படுத்துநர், உளவளத்துணையாளர் இரண்டுமே வழக்கில் உள்ளன. நல்ல சொற்கள்தாம், ஆனால் பின்னால் இன்னொரு சொல் சேர்ந்தால் நீண்டுவிடும். ஆகவே ‘ஆற்றுநர்’ என்று சுருக்குகிறேன்.

> ஆற்றுநர் என்றால் ‘செய்பவர்’ என்றும் படிக்கலாமே?

படிக்கலாம். ஆனால் அந்தப் பொருளில் வரும்போது பணி, உரை, தொண்டு என்று ஏதாவது முன்னால் நிற்கும். ‘பள்ளி ஆற்றுநர்’ என்பதில் அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

அடுத்து ‘பயிற்சியாளர்’. 1908இல் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொழில் வழிகாட்டு நிலையம் தொடங்கிய காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். 1957இல் சோவியத் ஒன்றியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்ததும் அமெரிக்கா பதறி, மறு ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்தது. திறமையுள்ள பிள்ளைகளை இனங்கண்டு அறிவியல் பக்கம் அனுப்பப் பள்ளிகளில் ஆள் வேண்டும் என்று, அவர்களை உருவாக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுத்தது. இந்தத் துறை பெரிதாக வளர்ந்தது அதன்பிறகுதான். இன்று இத்துறைப் படிப்புகளுக்குத் தரச்சான்று தரும் ‘காக்ரெப்’ (CACREP) அமைப்பின் சான்று பெற்ற முதுகலைப் படிப்பில் 100 மணி நேரச் செய்முறையும் 600 மணி நேரக் களப்பயிற்சியும் கட்டாயம். அங்கே முதன்மைப் பேராசிரியராக 2013 ஜூலைக்குப் பின் புதிதாகச் சேர, இதே துறையில் முனைவர் பட்டம் வேண்டும். உளவியல் முனைவர் பட்டம் மட்டும் போதாது. கற்பித்தல், ஆய்வு, மாணவர் அமர்வுகளைக் கவனித்தல், தகுதியில்லாதவரைத் தடுத்து நிறுத்துதல் எல்லாம் அவர் பொறுப்பு. பயிற்சியாளர் என்றால் இதில் பாதி விட்டுப்போகிறது.

‘ஆசிரியர் கல்வியியல்’ நமக்குப் பழகிய சொல். அதே அச்சில் துறைக்கு ‘ஆற்றுநர் கல்வியியல்’, ஆளுக்கு ‘ஆற்றுநர் கல்வியாளர்’ என்று வைக்கலாம்.

ஒன்றில் மட்டும் தடுமாறுகிறேன். அந்தப் பதிவைச் சேர்ந்து பார்த்தோமே, அதை ‘மேற்பார்வை’ என்றால் கட்டட வேலை நினைவுக்கு வருகிறது. ‘உடன்பார்வை’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் மதிப்பெண் போட்டு நிறுத்திவைக்கும் அதிகாரமும் எனக்கு உண்டு, அது இச்சொல்லில் தெரியவில்லை. வேறு சொல் தோன்றினால் சொல்லுங்கள் ஐயா.

அன்புடன்.