பொருள்: தட்டை மரவட்டையின் ஓரத்துக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.
ஐப்பசி மழைக்குப் பிறகு, அழகர்மலை அடிவாரத்தில் பிள்ளைகளோடு சருகைப் புரட்டியபோது ஒரு தட்டை மரவட்டை கிடைத்தது. 20 வளையம், கண் கிடையாது. ஒவ்வொரு வளையத்திலும் முதுகு ஓடு இரண்டு பக்கமும் கால்களுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நீட்டலுக்கு நூல்களில் பாரானோட்டா என்று பெயர். “பக்கவாட்டு முதுகு நீட்சி” என்றேன். “எறவாணம் மாதிரி இருக்கு டீச்சர்” என்றாள் ஒரு பிள்ளை. கூரை சுவரைத் தாண்டி நீண்டிருக்கும் ஓரத்தைச் சொல்கிறாள். அடையாளத் தாளில் ‘இறவாரம்’ என்றே போடலாமா? புதன்கிழமை அச்சுக்குப் போகிறது.
– உயிரியல் ஆசிரியை, அழகர்கோவில்

அம்மா, அந்தப் பிள்ளை சொன்னது சங்கச் சொல்லின் பேரப்பிள்ளை. புறநானூறு 129 ‘குறியிறைக் குரம்பை’ என்றுதான் தொடங்குகிறது. குறுகிய இறவாரமுடைய குடிசை. எனவே ‘இறை’ போதும். இறங்கு என்பதும் இதே வேர் என்பது என் எண்ணம். தாழ்வாரம், அடிவாரம், இறவாரம் மூன்றிலும் வரும் ‘வாரம்’ சரிவைக் குறிப்பது. இறை என்று வைத்தால் மேலிறை, தாழிறை, குறியிறை என்று வகைகளுக்கும் பெயர் கிளைக்கும். இன்னொன்று: தாளில் ‘மர வட்டை’ என்று பிரித்து அச்சிட வேண்டாம். மரம் + அட்டை, மகரம் கெட்டு வகர உடம்படுமெய் வந்தது.
– தமிழாசிரியர் (ஓய்வு), மேலூர்

ஐயா, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இறை என்றால் கடவுள். இறவாரத்திலும் எனக்குத் தயக்கம் உண்டு. அது சரிந்துதான் இருக்கும். இந்த உயிர்களில் சிலவற்றுக்கு ஓரம் மேல்நோக்கி வளைந்திருக்கும், சிலவற்றுக்கு இருப்பதே தெரியாது. பாரா என்றால் பக்கம், நோட்டோன் என்றால் முதுகு. ‘பக்கத்தட்டு’ என்றால் எதற்கும் பொருந்தும்.
சொல்லைவிட முக்கியமானது ஒன்று. ஓரத்தின் வடிவத்தையும் நிறத்தையும் மட்டும் வைத்து இனப்பெயர் எழுதிவிடாதீர்கள். தட்டை மரவட்டைகள் அடங்கிய இந்த உயிரின வரிசையில் ஏறத்தாழ 3,500 இனங்கள் உண்டு. வளர்ந்த ஆணுக்கு ஏழாவது வளையத்தின் முன்கால்கள் புணர்ச்சி உறுப்பாக மாறியிருக்கும்; இனத்தைப் பிரிப்பது அதன் வடிவம்தான். உங்கள் படத்தில் அந்த வளையத்தில் நான்கு கால்களும் சாதாரணமாக இருக்கின்றன. வளையம் 20 என்பதால் வளர்ந்த பெண்ணாகத்தான் இருக்கும். ‘இனம் உறுதியாகவில்லை’ என்று போடுங்கள்.
– விலங்கியல் பேராசிரியர் (ஓய்வு), திருமங்கலம்

மதுரைக்குள் எல்லாம் மொட்டைமாடி வீடுதான். ‘சன்ஷேடு’ என்றால் பிள்ளைகளுக்கு உடனே புரியுமே?
– மொழிபெயர்ப்பாளர், பழங்காநத்தம்

என் பிள்ளைகளில் பலருக்கு ஓட்டுவீடு ஐயா. அப்பா அரிவாளைச் செருகி வைப்பது எறவாணத்தில்தான். மேல்நோக்கி வளைந்தால் ‘மேல் இறவாரம்’ என்று சொல்லிக்கொடுக்கிறேன். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்து நான்கு பேர் இறவாரம் என்கிறீர்கள். அதையே போடுகிறேன். இனப்பெயர் இடத்தைக் காலியாக விடுகிறேன்.
– ஆசிரியை, அழகர்கோவில்

போடுங்கள் அம்மா. என் கட்டுரைகளில் பக்கத்தட்டு என்றே எழுதுவேன். சனிக்கிழமை மறுபடி போகும்போது ஆண் கிடைத்தால் ஏழாவது வளையத்தைக் கீழிருந்து படம் எடுத்து அனுப்புங்கள். தொட்ட பிள்ளைகள் கை கழுவட்டும். இந்த வரிசையில் பலவும் ஹைட்ரஜன் சயனைடு கசியவிடும்.
– திருமங்கலம்