ஸ்டுடியோ ஃபோட்டோ எல்லாம் லாக் ஆகிடுச்சு, பணம் கட்டிடலாமா?

மணவறை ஸ்டுடியோ:
தாராபுரம் பக்கம் சின்ன ஸ்டுடியோ வச்சிருக்கேன். நேத்து ராத்திரி ஆல்பம் டிசைன் சாஃப்ட்வேரைக் காசு கட்டாம ஓட்ட ஒரு க்ராக் இறக்கினேன். ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொல்லுச்சு, பண்ணிட்டேன். காலையில ஒவ்வொரு ஃபைல் பேருக்குப் பின்னாடியும் புரியாத நாலு எழுத்து. ஃபோல்டருக்கு ஒரு ரீட்மி ஃபைல்: 980 டாலர் கட்டணும், 72 மணி நேரத்துக்குள்ளன்னா 490. பேக்கப் ஹார்ட் டிஸ்க்கும் சொருகியே இருந்துச்சு, அதுவும் போச்சு. மூணு கல்யாணம், ஒரு காதுகுத்து. அந்தக் காதுகுத்துல குழந்தையை மடியில வச்சிருந்த பாட்டி போன மாசம் தவறிட்டாங்க. அந்த வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

கரூர்க்காரன்:
பணம் கட்டாதீங்க, கட்டினாலும் சாவி வரும்னு உத்தரவாதம் இல்ல. சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்குப் புகார் பண்ணிட்டு, கம்ப்யூட்டரை ஃபார்மட் அடிச்சிடுங்க.

சர்வீஸ் பெஞ்ச்:
அண்ணே, ஃபார்மட் வேண்டவே வேண்டாம். நெட் கேபிளை மட்டும் உருவுங்க. நீங்க சொல்ற தொகையை வச்சுப் பார்த்தா இது ஸ்டாப் டிஜேவியூ குடும்பம், ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கிற ரான்சம்வேர். க்ராக் வழியாத்தான் பெரும்பாலும் வரும். ரீட்மி கடைசியில உங்க ஐடி இருக்கும். அது 'டி1'னு (இங்கிலீஷ்ல t1) முடிஞ்சா ஆஃப்லைன் சாவி, அதாவது பல பேருக்கும் பொதுவா ஒரே சாவி. எம்சிசாஃப்ட்ங்கிற ஆன்டிவைரஸ் கம்பெனி 2019ல விட்ட இலவச டிக்ரிப்டர், அதாவது பூட்டைத் திறக்கிற புரோகிராம், திறக்க வாய்ப்பு இருக்கு. இல்லைன்னாலும் மனசு விடாதீங்க. இது ஒரு ஃபைல்ல முதல் 150 கேபி அளவுக்குத்தான் பூட்டும். ஜிபி கணக்குல இருக்கிற வீடியோவுல மீதி அப்படியே இருக்கும். அதே கேமராவுல எடுத்த நல்ல வீடியோ ஒண்ணை மாதிரியாக் கொடுத்து ரிப்பேர் பண்ணலாம்.

ஆனா முதல்ல மெமரி கார்டைத் தேடுங்க! அழிச்சிருந்தாலும், மேல புதுசா எழுதாத வரைக்கும் ஃபோட்டோரெக்ங்கிற இலவச புரோகிராம் மீட்டுக் கொடுக்கும். அதுல இன்னும் ஒரு ஷாட்கூட எடுக்காதீங்க. ஸ்கேனை வேற கம்ப்யூட்டர்ல ஓட்டுங்க.

இன்னொண்ணு, இதோட கூடவே பாஸ்வேர்டு திருடுற புரோகிராமும் இறங்கியிருக்கலாம். பேங்க், மெயில் எல்லாத்தையும் ஃபோன்ல இருந்து இப்பவே மாத்துங்க.

மணவறை ஸ்டுடியோ:
தம்பி, ஐடி 'டி1'ல முடியல. கல்யாணக் கார்டு ரெண்டுல அப்புறம் வேற விசேஷம் எடுத்துட்டேன், அந்த வீடியோக்களைத்தான் ரிப்பேர் பண்ணிப் பார்க்கணும். காதுகுத்துக் கார்டு கேமரா பையோட பக்கப் பாக்கெட்லயே கிடந்துச்சு. மச்சான் லேப்டாப்ல ஃபோட்டோரெக் ஓடிட்டிருக்கு. பாட்டி மடியில குழந்தை இருக்கிற படம் இப்பத்தான் வந்துச்சு. பூட்டின டிஸ்க்கை உங்ககிட்ட கொண்டு வரட்டுமா?