விசுவாசத்தையும் வயல் பறவை மாடலையும் சேர்த்துப் பேசலாமா?

வரப்போரம்:
வயலில் தரையோடு தரையாக முட்டையிடும் ஆட்காட்டிகளை வைத்து நெட்லோகோ என்ற கணினி மென்பொருளில் ஒரு மாடல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு பறவையும் தனித்தனியாக நடமாடும், கூடு வைக்கும், உழவு நாளில் டிராக்டர் அந்தக் கட்டத்தைத் தாண்டினால் கூடு போச்சு. இதில் நான் இறங்கியதே ஆதியாகமம் 2:15 படித்துத்தான், தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனுஷனை வைத்தார் என்று இரண்டு வேலையையும் ஒரே மூச்சில் சொல்கிற வசனம். ஆய்வுக்கூடத்தில் இதைச் சொன்னால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். சபையில் மாடலைப் பற்றிப் பேசினால் "ஆண்டவர் பார்த்துக்கொள்வார், உனக்கெதுக்கு இந்தக் கணக்கு" என்கிறார்கள். நிதி விண்ணப்பத்தில் விசுவாசத்தைப் பற்றி ஒரு வரியாவது எழுதலாமா?

நாற்றங்கால்:
ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டிருந்தால் எழுதுங்கள், முறையியல் பகுதியில் மட்டும் வேண்டாம். ஆ ரோஷா என்ற கிறிஸ்தவ அமைப்பு 1983-இல் போர்ச்சுகலில் தொடங்கியதே ஒரு கள ஆய்வு மையமாகத்தான். பறவைக்கு வளையமிட்டுக் கணக்கெடுக்கும் சாதாரண வேலை. தரவு ஒழுங்காக இருந்தால் அதை எடுத்தவர் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார் என்று யாரும் கேட்பதில்லை.

கணக்குப்பிள்ளை:
சபைக்காரர்களுக்கு உபாகமம் 22:6-7 காட்டுங்கள். வழியில் கூட்டைக் கண்டால் குஞ்சை எடுத்துக்கொள், தாயை விட்டுவிடு என்கிறது. மாடலில் போட்டுப் பாருங்களேன். உதாரணத்துக்கு வளர்ந்த பறவை வருஷம் பிழைக்கும் வாய்ப்பு 0.7, குஞ்சுக்கு முதல் வருஷம் 0.6, ஒரு ஜோடிக்கு வருஷம் பறக்கும் குஞ்சு 1 (அதாவது ஒரு பறவைக்கு அரைக் குஞ்சு, 0.6-இல் பாதி 0.3) என்றால் 0.7 + 0.3 = 1, கூட்டம் அப்படியே நிற்கும். தாய் பிழைப்பு பத்து சதவீதம் குறைந்தால் 0.93, குஞ்சு அதே பத்து சதவீதம் குறைந்தால் 0.97. தாய்தான் கனம்.

ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு பிரசங்கம் பண்ணிவிடாதீர்கள் தம்பி. பிரிட்டனில் ஆட்காட்டி குறைந்தபோது வளர்ந்த பறவைகள் முன்புபோலத்தான் பிழைத்துக்கொண்டிருந்தன, குஞ்சுதான் போதவில்லை. மேலே உள்ள கணக்கில் ஜோடிக்குப் பறக்கும் குஞ்சை 1-லிருந்து 0.5 ஆக்கினால் வருஷம் 0.85, பத்து வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். எது கனமானது என்பது ஒரு கேள்வி, எது உண்மையில் மாறியது என்பது வேறு கேள்வி. வசனம் இரண்டாவதற்குப் பதில் சொல்லாது, வயலுக்குப் போய் கூட்டை எண்ணித்தான் ஆகவேண்டும்.

தூரத்துப்பச்சை:
எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, ஆனாலும் உங்கள் காரணத்தில் எனக்குத் தகராறு இல்லை. பயம் ஒன்றுதான். ஏழாம் வருஷம் நிலத்தைத் தரிசு விடச் சொல்லும் லேவியராகமம் 25-ஐ மனதில் வைத்துக்கொண்டு, தரிசு விட்டால் பறவை பெருகும் என்று, அப்படி வரும்வரை எண்களைத் திருகிக்கொண்டே இருப்பீர்களோ என்று. (நம்பிக்கை இல்லாதவர்களும் இதைத்தான் செய்கிறோம், எங்களுக்கு வசனம் கிடையாது, அவ்வளவுதான்.) மாடலை ஓட்டுவதற்கு முன்னாலேயே எந்த முடிவு வந்தால் உங்கள் எண்ணம் தப்பு என்று ஒரு தாளில் எழுதி, கூட வேலை செய்கிற ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வரப்போரம்:
எல்லாருக்கும் நன்றி. தாள் எழுதிக் கொடுத்துவிட்டேன். தரிசு ஓட்டமும் முடிந்தது, முதலில் கூடு கூடியது, ஆனால் களை உயர உயர ஆட்காட்டி அந்தப் பக்கமே வரவில்லை, அதற்குக் கட்டாந்தரைதானே வேண்டும். உழவு தேதியைத் தள்ளி வைத்து மறுபடி ஓட்டுகிறேன், அந்தத் தாளையும் புதிதாக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான்.